ஒரு சாவுக்கு ஒருதரம்தான்

சினிமாவில் யாருக்கும் அழத் தெரியாது. இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். சொல்லித்தான் மாட்டிக்கொண்டேன்.

நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. வேப்பந்தட்டைக்கு மேற்கே, பச்சைமலை தெரிகிற ஊர். ஊருக்கு வெளியே, காட்டிலேயே வீடு. மக்காச்சோளம், சின்ன வெங்காயம், ஏழு ஆடு. பெயர் பச்சையம்மாள். என்னைப் பற்றி இவ்வளவுதான். (“இன்னும் கொஞ்சம் எழுதும்மா” என்றாள் மகள். இருந்தால் எழுத மாட்டேனா?)

எங்கள் சொந்தத்தில் எனக்கு இரண்டு நல்ல பேர் இருந்தன. ஒன்று, பச்சையிடம் சொன்ன சொல் வெளியே போகாது. இன்னொன்று, சாவு வீட்டில் பச்சை வாயைத் திறந்தால் கடன்காரன்கூடக் கண்ணைத் துடைப்பான். இரண்டும் ஒரே காலையில், ஆறு மணிக்கும் ஒன்பது மணிக்கும் நடுவில் போயின. ஏழெட்டு வருஷம் ஆகிறது. தப்பு என்னுடையது இல்லை. இன்றைக்கும் அதையேதான் சொல்கிறேன்.

அப்போது மார்கழி மாதம்.

மார்கழி எனக்குப் பிடிக்கும். வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டினால் போதும், பெரிய வேலை இல்லை. வாசல் ஓரம் வெந்நீர் அடுப்பு. போன வெள்ளாமையில் மணி உதிர்த்த மக்காச்சோளக் கட்டைகளை அதில் தள்ளிவிட்டு, முன்னால் குந்திக் கையை நீட்டினால் சூடு தோள்பட்டை வரைக்கும் ஏறும். ஒரு டம்ளர் சுக்கு காபி. வெயில் வந்ததும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவரைக்காய் நறுக்குவது. சாயங்காலம் ஒரு கிண்ணம் வேகவைத்த மொச்சை, டிவியில் ஒரு படம். இதற்கு மேலும் சுகம் தேடி ஊட்டிக்குப் போகிறவர்களை எனக்குப் புரிவதில்லை. அங்கேயும் குளிரத்தானே செய்யும்?

படம் பார்ப்பது நானும் என் மாமனார் பெரியசாமியும். என் வீட்டுக்காரர் லாரி டிரைவர். அரியலூரில் சிமெண்ட் மூட்டை ஏற்றினால் கேரளாவில் இறக்குவார். மகள் ஹாஸ்டலில். அதனால் டிவிக்கு நாங்கள் இரண்டு பேர், ஒரு போர்வை, ஒரு குரங்குக் குல்லா. குல்லா மாமனாருடையது. கார்த்திகையில் தலையில் ஏறினால் மாசியில்தான் இறங்கும்.

மாமனாருக்குப் படத்தில் ஆடு வர வேண்டும். கதை எக்கேடு கெட்டாலும் சரி.

“அந்த மூணாவது ஆடு செனை, பாத்தியா?” என்பார். அந்த ஆட்டுக்கு முன்னால் கதாநாயகி உயிரை விட்டுக்கொண்டிருப்பாள். “இந்தப் புள்ள மறைக்குது. செத்த தள்ளிப் படுக்கக் கூடாதா?”

எனக்குச் சாவு சரியாக இருக்க வேண்டும். ஒரு படத்திலும் இருந்ததில்லை. செத்தவன் பெண்டாட்டி தலை கலையாமல் அழுகிறாள். மூக்கு ஒழுகுவதில்லை. அவள் வாயைத் திறந்ததும் எங்கிருந்தோ வயலின் வருகிறது. அது போதாதென்று மழை. நிஜச் சாவில் மழை வந்தால் பாதிப் பேர் சாமியானாக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், அழ ஆள் இருக்காது. ஒருத்தர் ஐஸ் பெட்டிக்கு பிளக் தேடுவார். ஒருத்தர் ஆதார் கார்டைக் கேட்பார். தலையை எந்தத் திக்கில் வைப்பது என்று இரண்டு பேர் கட்டிப் புரளுவார்கள். இதற்கு நடுவில்தான் அழுகை வரும். சும்மாவும் வராது, வைய வேண்டியவர்களை எல்லாம் வைதுகொண்டுதான் வரும். (ஒப்பாரியில் அது முறை. மற்ற நாளில் கேட்க முடியாததைப் பாட்டில் வைத்துக் கேட்கலாம். யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. கோபித்துக்கொள்வார்கள், அது வேறு.)

எனக்கும் ஒருவரைக் கேட்க வேண்டியிருந்தது. என் மாமனாரின் தம்பி. எனக்குச் சின்ன மாமா. எங்கள் வீடு ஏரிக்கு இந்தப் பக்கம், அவர் வீடு அந்தப் பக்கம். அவர் தன் காட்டில் போர் போட்டார், எங்கள் கிணறு பாதி வற்றியது. அன்றைக்கு நின்ற பேச்சு. பதினோரு வருஷம். கல்யாணம் காட்சியில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவார்கள், ரசம் வேண்டுமென்றால்கூட மூன்றாவது ஆளிடம் சொல்லித்தான் கேட்பார்கள்.

“அவன் என் எழவுக்குத்தான் வருவான்” என்பார் மாமனார். சொல்லிவிட்டு ஏரிப் பக்கம் பார்ப்பார். வருவானா என்பதில் அவருக்கே சந்தேகம் இருந்தது. அது எனக்குத் தெரியும். நான் எதுவும் சொன்னதில்லை.

ஒரு நாள் சர்க்கரை வாங்க ரோட்டு டீக்கடைக்குப் போனேன். கடை டிவியில் ஒரு சாவு. வயலினோடு.

“தப்பு” என்றேன்.

பக்கத்தில் தாடி வைத்த ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். “என்னம்மா தப்பு?” என்றார்.

சொன்னேன். ஐந்து நிமிஷம் பேசியிருப்பேன். கடைக்காரர் பால் பொங்கியதைக்கூட விட்டுவிட்டு என்னையே பார்த்தார். அவர் கடைக்கு இருபது வருஷமாகப் போகிறேன், “கால் கிலோ” என்பதைத் தவிர என் வாயிலிருந்து அவர் எதையும் கேட்டதில்லை.

தாடிக்காரர் சினிமா டைரக்டர். பனி தேடி எங்கள் பக்கம் வந்திருந்தார்.

“எங்க படத்துலயும் ஒரு சாவு இருக்கும்மா. மாமனார் செத்துடறார், மருமக அழணும். நீங்களே வந்து அழறீங்களா?”

இங்கேதான் நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. வாய்விட்டுக் குறை சொன்னவள் செய்து காட்ட வேண்டாமா? “சரிங்க” என்றேன்.

வீட்டைப் பார்க்க வந்தார்கள். ஓட்டு வீடு, வேப்ப மரம், பின்னால் மலை. டைரக்டர் விரல்களைச் சதுரமாக வைத்து அதற்குள் பார்த்தார். இங்கேயே எடுத்துவிடலாம் என்றார். மாமனாரிடம் கேட்க வேண்டியிருந்தது.

“என் வூட்டு வாசல்லயே எழவா?” என்று யோசித்தார் மாமனார். பிறகு டைரக்டரைப் பார்த்து, “ஆடு வருமா?” என்றார்.

“வேணும்னா வெச்சுக்கலாங்கய்யா.”

“அப்ப சரி.”

கிளம்பும்போது படக் கம்பெனி மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “யாருகிட்டயும் மூச்சு விடக் கூடாதும்மா. தெரிஞ்சா கூட்டம் கூடிடும், எங்களால எடுக்க முடியாது.”

“விட மாட்டேன்” என்றேன். விடவில்லை. அன்று இரவு வீட்டுக்காரர் பாலக்காட்டிலிருந்து பேசினார். “என்ன விசேஷம்?” என்றார். “ஒண்ணுமில்ல” என்றேன். உடையார்பாளையத்தில் இருக்கிற நாத்தனார் பேசினாள். “என்னடி பண்ற?” என்றாள். “மொச்ச உரிக்கிறேன்” என்றேன். மொச்சைதான் உரித்துக்கொண்டிருந்தேன். பொய் சொல்லவில்லை.

மறுநாள் விடியுமுன் வந்து இறங்கினார்கள். வாசலில் சாமியானா. பிளாஸ்டிக் நாற்காலிகள். எங்கள் வீட்டு பெஞ்சில் வெள்ளை விரிப்பு. திருச்சியிலிருந்து நான்கு பெண்கள், கூட அழ. பறை அடிக்க மூன்று பேர். வெங்காயம் அள்ளுகிற கூடையைக் கேட்டு வாங்கி, எல்லார் போனையும் அணைத்து அதில் போட்டு, வேனுக்குள் வைத்துப் பூட்டினார்கள். என்னுடையதும் மாமனாருடையதும் அதில்.

செத்தவராக நடிக்கிறவர் சென்னைக்காரர், வயசானவர், நல்ல மனுஷர். மூக்கில் பஞ்சு, கழுத்தில் மாலை, உடம்பில் ஒரு வேட்டி. பனி புகை மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. அவர் கையில் முடி எல்லாம் நட்டுக்கொண்டு நின்றது.

“அம்மா, கொஞ்சம் சீக்கிரமா அழுதுடுங்கம்மா” என்றார் பஞ்சு வழியாக.

டைரக்டர் என்னிடம் வந்தார். “உங்க சொந்தத்துல யாரையாவது நெனச்சுக்கங்க.”

நிமிர்ந்து பார்த்தேன். கேமராவுக்குப் பின்னால், வெந்நீர் அடுப்புக்கு முன்னால், குரங்குக் குல்லாவோடு என் மாமனார் குந்தியிருந்தார். காலையிலேயே ஓட்டிக்கொண்டு வந்து தயாராக நிறுத்திய ஆட்டின் கயிறு ஒரு கையில், சுக்கு காபி ஒரு கையில். இந்த மனுஷன் ஒரு நாள் இல்லாமல் போனால் படத்தில் ஆட்டைக் காட்ட யார் இருக்கிறார்கள் என்று தோன்றியது. அவ்வளவுதான். பறை அடித்தது. நான் வாயைத் திறந்தேன்.

“பச்சமல மேலேருந்து பனியெறங்கும் மார்கழியில
பட்டியில ஆடு கத்த படுத்துட்டீங்க எம் மாமா
குல்லாயி போட்ட தல கூப்பிட்டாலும் அசையலையே
சுக்குத் தண்ணி ஆறுதய்யா சொன்னாலும் கேக்கலையே…”

இது வரைக்கும் தப்பில்லை. ஆனால் ஒப்பாரி ஒரு சரிவு. ஏறி நின்றால் அதுவே இழுத்துக்கொண்டு போகும்.

“ஏரிக்கு அக்கரையில கூடப்பொறந்த பொறப்பிருக்க
எட்டி ஒரு சொல்லு சொல்ல நாதியத்துப் போனீங்களே
தோண்டி எடுத்த தண்ணி தொண்ட நனைக்குதாய்யா
தொணைப்பொறப்பு போன பின்னே போரு வந்து அழுவுமாய்யா…”

என் குரல் பெரிசு. பேசாமல் சேர்த்து வைத்த குரல். மார்கழிக் காலையில் காற்றும் அசையாது. ஏரித் தண்ணீர் மேல் அது வழுக்கிக்கொண்டு அக்கரைக்குப் போனது. அங்கே சின்ன மாமா மாட்டுக்கு அடியில் உட்கார்ந்து பால் கறந்துகொண்டிருந்தார். பறை கேட்டது. என் குரல் கேட்டது. மாமா என்று கேட்டது. போர் என்றும் கேட்டது. அவர் மருமகள் எங்களுக்குப் போன் போட்டாள். இரண்டு போனும் அணைந்திருந்தன. அதற்கு மேல் என்ன வேண்டும்?

நான் அழுதுகொண்டிருக்கிறேன். பனிக்குள்ளிருந்து ஒரு ஆள் ஓடி வந்தார். கையில் பால் தூக்கு. சாமியானா, நாற்காலி, பறை, வெள்ளை விரிப்பு எல்லாவற்றையும் பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை. பெஞ்சின் கால்மாட்டில் விழுந்து அந்தச் சென்னைக்காரரின் இரண்டு காலையும் கட்டிக்கொண்டார்.

“அண்ணே! ஒரு வார்த்த பேசாம போயிட்டியேண்ணே! நான் பாவி, நான் பாவி! அந்தப் போர மூடிடறேன்ணே! மண்ணள்ளிப் போட்டு மூடிடறேன், எந்திரிண்ணே!”

டைரக்டர் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டார். இன்னொரு கையால் கேமராக்காரரை ‘நிறுத்தாதே’ என்று ஆட்டினார். அவர் கண்ணில் தண்ணீர். திருச்சிப் பெண்கள் நான்கு பேரும் நிஜமாகவே அழுதார்கள். சென்னைக்காரர் நல்ல நடிகர், கால் இரண்டும் குளிரில் வெடவெடத்தாலும் முகம் அசையவில்லை. நான் பாட்டை நிறுத்தவில்லை. சின்ன மாமாவைப் பார்த்தேன், நடந்தது புரிந்தது. புரிந்தும் நிறுத்தவில்லை. பதினோரு வருஷமாகக் கேட்க நினைத்த கேள்வி, பதிலும் வந்துகொண்டிருக்கிறது. இதில் நிறுத்துவது எப்படி?

அப்போது கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

“ஏண்டா, சட்டயத் திருப்பிப் போட்டுருக்க?”

என் மாமனார். பதினோரு வருஷம் கழித்துத் தம்பியிடம் அவர் சொன்ன முதல் வார்த்தை.

யார் பேசியது என்று பார்க்கப் பிணம் தலையைத் தூக்கியது. சின்ன மாமா அண்ணாந்து பார்த்தார். மூக்கில் பஞ்சோடு யாரோ ஒருவர்.

“யார்ரா நீ?” என்று அலறிக்கொண்டு பின்பக்கமாக விழுந்தார்.

“கட்!” என்று டைரக்டரும் அலறினார். “யாருய்யா அது நடுவுல பேசினது?”

“என் வூட்ல நான் பேசறதுக்கு எவனக் கேக்கணும்?” என்றார் மாமனார். ஆட்டை விடவில்லை.

சின்ன மாமா எழுந்து புழுதியைத் தட்டினார். அண்ணனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சட்டையைப் பார்த்தார். தையல் எல்லாம் வெளியே இருந்தது.

“இது என்ன கூத்து?” என்றார் என்னிடம்.

“ஷூட்டிங்கு, சின்ன மாமா.”

“ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?”

“சொல்லக் கூடாதுன்னு சொன்னாங்க.”

மாமனார் குல்லாவைக் காதுக்கு மேலே தள்ளிவிட்டுக்கொண்டார். “ஏண்டா, போர மூடறேன்னியே. எப்ப மூடுற?”

“செத்தவன்கிட்ட சொன்னேன். ஒங்கிட்ட சொல்லல.”

“ஓ.”

“ஆமா.”

இதோடு மறுபடியும் பேச்சு நின்றது. ஆனால் அவர் திரும்பிப் போகவும் இல்லை. வெந்நீர் அடுப்புக்கு அந்தப் பக்கம் போய்க் குந்திக்கொண்டார். குளிர் அப்படி.

டைரக்டர் என்னிடம் ஓடி வந்தார். “அம்மா, தெய்வமா அழுதீங்க. அந்தப் பெரியவர் பேசினதால சவுண்டு கெட்டுப்போச்சு. அதே மாதிரி ஒரே ஒருதரம். அவரையும் ஓடி வரச் சொல்லலாம். சட்டை அப்படியே இருக்கட்டும்.”

“முடியாதுங்க.”

“ஏம்மா?”

“ஒரு சாவுக்கு ஒருதரம்தான் அழுவோம்.”

மேனேஜர் கெஞ்சினார். திருச்சிப் பெண்கள், அவர்கள் எட்டுத் தரம்கூட அழுவார்களாம், எனக்குச் சொல்லிக்கொடுக்க வந்தார்கள். சென்னைக்காரர் மட்டும் போர்வையைச் சுற்றிக்கொண்டே, “அந்தம்மா சொல்றது சரி. இன்னொருதரம் அழுதா நான் நெசமாவே போயிடுவேன்” என்றார். நான் அசையவில்லை. அழுகை என்ன, குழாயா, திருப்பினால் கொட்ட?

இந்தப் பஞ்சாயத்து முடிந்து போன் கூடை என் கைக்கு வரும்போது எட்டரை மணி. போட்டதும் நாற்பத்திரண்டு தவறிய அழைப்பு என்று மெசேஜ் வந்தது. முக்கால்வாசி நாத்தனார். திருப்பி அடித்தேன். எடுக்கவில்லை. அழுதுகொண்டு வேனில் வருகிறவள் எப்படி எடுப்பாள்? சின்ன மாமா மருமகள் ஆறேகாலுக்கே அவளுக்குச் சொல்லிவிட்டாள். நாத்தனார் மகன் உடையார்பாளையத்தில் பிளெக்ஸ் கடை வைத்திருக்கிறான். நல்ல பையன், அதுதான் கெடுதல்.

ஒன்பது மணிக்கு வேன் வந்தது. நாத்தனார் ஏரி வளைவிலேயே கூந்தலை அவிழ்த்துவிட்டிருந்தாள். “என்னப் பெத்த ராசாவே” என்று மாரில் அடித்துக்கொண்டு இறங்கினாள். பின்னால் பதினாலு பேர். பெற்ற ராசா டீ குடித்துக்கொண்டிருந்தார். சின்ன மாமா கொண்டுவந்த பாலில் போட்ட டீ.

நாத்தனார் அப்பாவைப் பார்த்தாள். ஆனாலும் நிறுத்தவில்லை. ஆரம்பித்த ஒப்பாரியைப் பாதியில் விடக் கூடாது. அவர் முன்னாலேயே உட்கார்ந்து முழுசாகப் பாடி முடித்தாள். அவரும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மரியாதையாகக் கேட்டார். அதற்குப் பிறகுதான் அவள் என் பக்கம் திரும்பினாள்.

“ஏண்டி பச்ச! ராத்திரி நான் போன் பண்ணினப்ப என்னடி சொன்ன? மொச்ச உரிக்கிறேன்ன! இத சொல்ல ஒனக்கு வாய் இல்லையா? எங்க அப்பன் உசுரோட இருக்கறத சொல்லக்கூட ஒனக்குக் கஞ்சத்தனமா?”

“சொல்லக் கூடாதுன்னு சொன்னாங்க அண்ணி.”

“ஊருக்குச் சொல்லாத! எனக்கும் சொல்லாதன்னா சொன்னாங்க?”

“யாருக்கும்னாங்க.”

பதினாலு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். அன்றைக்கு ஒரு புழுவாக மண்ணுக்குள் போயிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். போகவில்லை. தலையைத் தூக்கி, “எல்லாரும் டீ சாப்பிடுங்க” என்றேன். அதற்கும் திட்டினார்கள்.

நாத்தனார் மகன் வேனுக்குள்ளிருந்து எதையோ எடுப்பதும் திரும்ப வைப்பதுமாக இருந்தான். மாமனார் விடவில்லை. “என்னடா அது, விரி.” விரித்தான். ஆறடிக்கு நாலடி பிளெக்ஸ். கண்ணீர் அஞ்சலி. நடுவில் மாமனார் படம், அதிலும் குல்லாவோடு. இரண்டு பக்கமும் ரோஜாப்பூ, புறா. கீழே மறைவு என்று அன்றைய தேதி.

மாமனார் எட்டி நின்று பார்த்தார். கிட்டே போய்ப் பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்கு” என்றார். “தூரப் போட்டுடாத. சோளத்து மேல மூட ஆவும்.”

அத்தோடு விட்டாரா? “மால போட்டாச்சு, பறை அடிச்சாச்சு, பொண்ணும் அழுதாச்சு. எழவு எழவுதான். குளிக்காம யாரும் வூட்டுக்குள்ள கால வெக்கக் கூடாது” என்றார். மார்கழிப் பனியில் இருபது பேருக்கு நான் வெந்நீர் காய்ச்சினேன். சேர்த்து வைத்த சோளக்கட்டை முழுக்கக் காலி. எழவு வீட்டில் உலை வைக்கலாமா என்று நாத்தனார் ஒரு கேள்வி எழுப்பினாள். “எனக்குப் பசிக்குது” என்று செத்தவரே தீர்ப்புச் சொன்னார். இருபது பேருக்கு அவரைக்காய்க் குழம்பும் வைத்தேன். குறை சொல்லிக்கொண்டே இரண்டு தரம் ஊற்றிக்கொண்டார்கள்.

வீட்டுக்காரர் அந்த பிளெக்ஸை வாட்ஸ்அப்பில் பார்த்துப் பாலக்காட்டிலிருந்தே திரும்பிவிட்டார். மாமனார் உயிரோடு இருக்கிற சேதி அவருக்குக் கோயம்புத்தூரில்தான் கிடைத்தது. இருந்தாலும் வந்தார். அப்பாவைத் தொட்டுப் பார்த்தார். சாப்பிட்டார். என்னிடம் கோபித்துக்கொண்டு இரண்டு நாள் பேசவில்லை. எங்களுக்குள் அது வழக்கம்தான் என்பதால் மூன்றாம் நாள்தான் எனக்குத் தெரிந்தது.

அடுத்த வருஷம் படம் வந்தது. பெரம்பலூர் தியேட்டருக்கு எல்லாரும் போனோம். சின்ன மாமாவும் வந்தார், எங்களுக்கு இரண்டு வரிசை முன்னால், தனியாக. எங்கள் சாவு வந்தது. திரையில் என் வாய் திறக்கிறது. வயலின் வருகிறது. என் குரல் ஒரு சொட்டு இல்லை. சின்ன மாமா ஓடி வருகிறார், தையல் தெரிகிறது, வாய் அசைகிறது, அதற்கும் வயலின். கடைசியில் மழை பெய்தது. எங்கள் ஊரில் அன்றைக்கு ஒரு தூறல் கிடையாது.

“தப்பு” என்றேன். தியேட்டருக்கே கேட்டது. யாரோ உச்சுக் கொட்டினார்கள். மறுபடியும் சொன்னேன்.

“ஆடு வரல” என்றார் மாமனார்.

படத்தைப் பற்றி வேறு கருத்து எதுவும் எங்கள் வீட்டில் இல்லை.

சின்ன மாமா போரை மூடவில்லை. அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்ளவும் இல்லை. ஆனால் அந்த மார்கழிக்குப் பிறகு, தினம் காலையில் பால் கறந்ததும் ஏரிக்கரை சுற்றி எங்கள் வாசலுக்கு வருவார். மாமனார் கண் முன்னால்தான் அடுப்பில் குளிர் காய்ந்துகொண்டிருப்பார். சின்ன மாமா அவரைப் பார்க்காமல் என்னிடம் கேட்பார்.

“இருக்காரா?”

“இருக்காரு” என்பேன்.

யார் சொன்னாலும் இனி நம்புவதில்லை, நேரில் பார்த்தால்தான் என்று முடிவு செய்துவிட்டாராம். ஒரு டம்ளர் சுக்கு காபி குடித்துவிட்டுப் போவார்.

மூன்றாவது மார்கழியில் ஒரு நாள் காபியோடு போய் மாமனாரை எழுப்பினேன். எழுந்திருக்கவில்லை. குல்லா அப்படியே இருந்தது.

வாசலுக்கு வந்து உட்கார்ந்தேன். வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. பனி, ஆடு, குல்லா, ஆறிப்போன சுக்குத் தண்ணி. ஒவ்வொரு சொல்லாகத் தேடினேன். எல்லாவற்றையும் ஏற்கெனவே சொல்லியிருந்தேன்.

சின்ன மாமா தூக்கோடு வந்தார்.

“இருக்காரா?”

நான் பேசாதவள்தான். ஆனால் அந்த ஒரு கேள்விக்கு மட்டும் ஒரு நாளும் பதில் சொல்லாமல் இருந்ததில்லை. அவர் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். தூக்கைக் கீழே வைத்தார். உள்ளே போய் அந்தக் காலைக் கட்டிக்கொண்டு, “அண்ணே, ஒரு வார்த்த பேசாம போயிட்டியேண்ணே” என்றார். அன்று டைரக்டர் கெஞ்சிக் கேட்டது இதைத்தான். சட்டை சரியாகத்தான் போட்டிருந்தார்.

மற்றவர்கள் வருவதற்குள் மதியம் ஆகிவிட்டது. போன் போட்ட ஒவ்வொருத்தரும் கேட்டது ஒரே கேள்வி. “நெசமா, ஷூட்டிங்கா?” நாத்தனார், “வீடியோவுல காட்டு. கேமரா இருக்கா பாக்கணும்” என்றாள். காட்டினேன். அவள் மகன் புது பிளெக்ஸ் அடிக்கவில்லை. சோளத்து மேல் கிடந்ததைக் கழுவி, தேதியின் மேல் மட்டும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிக் கட்டினான். மாமனாருக்குப் பிடித்த படம் அது.

கருமாதி முடிந்த மறுநாள் சின்ன மாமா போரை மூடினார். “செத்தவன்கிட்ட சொன்ன சொல்லு” என்றார். எங்கள் கிணற்றில் தண்ணீர் ஏறியது. இப்போது அவர் வெங்காயத்துக்கு இங்கிருந்துதான் குழாய் போகிறது.

ஆனால் சொந்தக்காரர்களுக்கு இதெல்லாம் கணக்கில்லை. கல்யாணமோ காதுகுத்தோ, பந்தியில் நான் உட்கார்ந்தால் போதும், நாத்தனார் ஆரம்பித்துவிடுவாள். “இவ இருக்காளே, ஷூட்டிங்குக்கு ஊரக் கூட்டி அழுவா. நெசமா மாமனாரு செத்தப்ப ஒரு சொட்டு அழுவல.” இலை இலையாகச் சிரிப்பார்கள். தெரியாதவர்களுக்கு முழுக்கதையும் முதலிலிருந்து சொல்லப்படும், மொச்சை உட்பட.

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே ஒரே பதிலைத்தான் சொல்வேன்.

“ஒரு சாவுக்கு ஒருதரம்தான் அண்ணி. எங்க மாமாவுக்கு நான் முன்னாடியே அழுதுட்டேன். அவரும் இருந்து கேட்டாரு.”